நோயாளியும் சாட்சியும்

அக்டோபர் 3, வெள்ளி

கேமரா வந்துவிட்டது. டாக்டர் தங்கப்பழம் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கூரியர் வந்ததால், கையுறையைக்கூடக் கழற்றாமல் போய் வாங்கியிருக்கிறார். அட்டைப்பெட்டியின் மேல் கட்டைவிரல் அகலத்துக்கு ரத்தக்கறை. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "அறிவியலுக்கு யாராவது ரத்தம் சிந்தணும்லா" என்றார். சிந்தியது புதூரிலிருந்து பல்வலியோடு வந்த ஓர் அப்பாவி.

வழிகாட்டிப் பேராசிரியர் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். அவர் நினைத்தது வானிலை, கருவி, அளவீடு. எனக்கு அப்படி எழுத வராது. எழுத உட்கார்ந்தால் எல்லாம்தான் வருகிறது.

முதலில் இந்த உதவித்தொகையைப் பற்றி. வடக்கே ஓர் அறக்கட்டளை. பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டு ஆசைக்காக வானம் பார்க்கும் அமெச்சூர் ஒருவரும், எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சியில் இருக்கும் மாணவர் ஒருவரும் ஜோடியாக விண்ணப்பிக்க வேண்டும். அமெச்சூருக்குக் கருவி, மாணவருக்கு மாதாமாதம் படிப்புத் தொகை. முதல் வருஷம் உருப்படியாக நடந்தால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள். விண்ணப்பத்தில் அமெச்சூர் கட்டத்தில் விளாத்திகுளம் பல் டாக்டர் தங்கப்பழம். மாணவர் கட்டத்தில் அதே ஊர் செண்பகவடிவு. இரண்டு கட்டங்களில் என் கட்டம்தான் உசத்தி என்று எனக்குள் ஓர் அற்பப் பெருமை இருந்தது, இருக்கிறது.

நீட்டிப்பு வந்தால் நான் முனைவர் பட்டம் முடிப்பேன். வராவிட்டால் அம்மா சொல்வதுதான் நடக்கும். அம்மா சொல்வதைப் பற்றி இன்றைக்கு எழுதப்போவதில்லை.

அக்டோபர் 4, சனி

மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கேமராவைப் பொருத்தினோம். எடுக்கும் படங்கள் கீழே கிளினிக் கம்ப்யூட்டருக்கும் தானாகப் போய்விடும்படி டாக்டர் வயர் இழுத்துவிட்டார். நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தில் அவரும் பார்ப்பாராம்.

நோயாளி என்றதும் நினைவு வருகிறது. நாங்கள் ஆராயும் நட்சத்திரத்துக்கு டாக்டர் வைத்த பெயரும் நோயாளிதான். ஒரு வருஷத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் அது மெல்ல மங்கும், பிறகு மெல்லத் தேறும். அது மங்குகிறதா என்று தெரிய, பக்கத்தில் மாறாத நட்சத்திரம் ஒன்று வேண்டும், அதோடு ஒப்பிட்டுப் பார்க்க. அதற்குப் பெயர் சாட்சி. பன்னிரண்டு வருஷமாக, வானம் விட்ட நாளெல்லாம், டாக்டர் சாட்சியை வைத்து நோயாளியை அளந்திருக்கிறார். அந்த ஏற்ற இறக்கத்தைப் மறுபக்கமும் தெரிகிற பெரிய ட்ரேஸிங் தாளில் வரைந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் அதைப் பார்த்து யாருக்கோ இதயத்தில் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு பிரகாசமான நட்சத்திரங்களைப் பெரிய தொலைநோக்கிகள் பார்ப்பதில்லை. கண் கூசிப்போய்விடும். அதனால்தான் எங்களைப் போன்ற சில்லறைகளுக்கு வேலை இருக்கிறது.

இடது கடைவாய்ப் பல் வலிக்கிறது. ஒரு பல் டாக்டரோடு தினமும் நின்றுகொண்டு பல்வலியை மறைக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். சொன்னால் நாற்காலியில் சாய்த்துவிடுவார்.

அக்டோபர் 9, வியாழன்

மேகம்.

அக்டோபர் 10, வெள்ளி

மேகம். புதிய கேமராவில் எடுத்த அளவீடுகளோடு இடைக்கால அறிக்கை நவம்பர் இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் இருக்கும் ஊரில் அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்துவைத்தாற்போல் இருக்குமாம். அந்த நினைப்பில் விதி எழுதிவிட்டார்கள். இங்கே வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று உண்டு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? உளுந்து போட்டவர்கள், மிளகாய் போட்டவர்கள், மக்காச்சோளம் போட்டவர்கள் எல்லோரும் அண்ணாந்து மழை மழை என்று கிடக்கிறார்கள். கரிசல் காட்டில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே பாவி நான்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். தம்பி ராஜாவின் டியூஷன் வாத்தியாரைப் பார்த்தேன். மாவு அரைத்தேன்.

மாவு அரைக்கும்போது அம்மா பேச்சை எடுத்தாள். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். பணியில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்தில் ஒருவருக்கு வாரிசு வேலை உண்டு. அம்மா எட்டாவதோடு நின்றவள், தம்பி இன்னும் பள்ளிக்கூடம். ஆகவே நான். போன வருஷமே என் பேரில் விண்ணப்பித்தாயிற்று. அப்போது எனக்கு மறுக்கத் தெம்பில்லை. வராது என்றும் நினைத்தேன்.

நீட்டிப்பு வந்தால் உதவித்தொகையிலேயே வீடு ஓடும், தம்பிக்கு வயது வரும், வேலையை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அம்மா கிரைண்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் சண்டை போட்டால்கூட நன்றாக இருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

பொழுது அடைந்ததும் மேகம் கிழிந்தது. படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். டாக்டர் கீழே யாருக்கோ வாயில் பஞ்சை வைத்து, "கடிச்சிட்டே இருங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடி வந்தார்.

படம் அருமை. சாட்சியோடு ஒப்பிட்டால் நோயாளி மங்கத் தொடங்கியிருக்கிறான், விண்ணப்பத்தில் நாங்கள் எழுதிக்கொடுத்தபடியே. டாக்டர் கை தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது மட்டும் இப்படியே போனால் நீட்டிப்பை யாராலும் தடுக்க முடியாது.

பழைய கேமராவின் பார்வை குறுகல். நோயாளியும் சாட்சியும்தான் அதில் அடங்குவார்கள். இதில் மூன்றாவதாக இன்னொரு நட்சத்திரமும் ஓரத்தில் விழுகிறது. சும்மா இருக்கட்டும் என்று அதை வைத்தும் கணக்கிட்டேன். அதன்படி நோயாளி மங்கவே இல்லை. ஓரத்தில் இருப்பதால் லென்ஸ் கோளாறாக இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அமாவாசையை ஒட்டிய கும்மிருட்டு, மேகமும் இல்லை. ஆனால் ஊர் முழுக்க வெடிப்புகை. இந்த வானத்தை வைத்து என்ன செய்ய? ராஜா ஒரு ராக்கெட்டைக் கொண்டுவந்து, "அக்கா, இதுல உன் கேமராவக் கட்டி விட்டுருவமா" என்றான். அதிரசம் கெட்டியாக இருந்தது. கடைவாயில் பட்டு உயிர் போய்விட்டது.

அக்டோபர் 25, சனி

மழை விட்ட இடைவெளியில் மறுபடி படம். சாட்சியை வைத்துப் பார்த்தால் நோயாளி மேலும் மங்கியிருக்கிறான். மூன்றாவதை வைத்துப் பார்த்தால் இருந்த இடத்தில் இருக்கிறான்.

மூன்றாவது நட்சத்திரம் சரியில்லை. அதை இனிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டாக்டர் கீழிருந்து போனில், கணக்கு எப்படி வருகிறது என்று கேட்டார். நல்லா வருது சார் என்றேன். "நல்லதும்மா" என்றவர் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தார். வழக்கமாக ஓடி வருகிறவர் இன்று மேலே வரவில்லை. கிளினிக்கில் கூட்டமாக இருந்திருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது. தபால்காரர் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா கவரைப் பிரிக்காமல் அப்பா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான்தான் பிரித்தேன். இளநிலை உதவியாளர், விளாத்திகுளம் அலுவலகம். டிசம்பர் பதினைந்துக்குள் சேராவிட்டால் இந்தக் குடும்பத்துக்கு இனி வாரிசு வேலை கேட்க உரிமை கிடையாது.

"ஏட்டி, நான் போன்னு சொல்லமாட்டேன். போகாதன்னும் சொல்லமாட்டேன்" என்றாள் அம்மா. ஒரே மூச்சில் இரண்டு கதவையும் சாத்திவிட்டாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் நீட்டிப்பு முடிவு தெரிந்துவிடும். அதுவரை பதில் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 8, சனி

திருநெல்வேலி போய் வழிகாட்டிப் பேராசிரியர் குருபாதத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. பாதி நனைந்துகொண்டே போனேன்.

மூன்றாவது நட்சத்திரத்தைப் பற்றி, வேறு யாருக்கோ நேர்ந்ததுபோலச் சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்டிக்காரர், உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சாட்சியின் நிறம் என்ன என்று கேட்டார். லேசான சிவப்பு என்றேன். சிவப்பு நட்சத்திரங்கள் ஒரே நிலையில் இருப்பவை அல்ல, அவற்றைச் சாட்சிக்கு வைக்கக் கூடாது, இது முதல் பாடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர், பக்கத்தில் இருக்கிறது, ஒரே அளவு வெளிச்சம் என்று எடுத்து வைத்துக்கொண்டார். நான் விண்ணப்பம் எழுதும்போது அதைக் கேள்வி கேட்காமல் அப்படியே வாங்கிக்கொண்டேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "முதல்ல ரெனியூவல் வரட்டும்மா. மூணாவது ஸ்டார் எல்லாம் அடுத்த வருஷ வேலை" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவரே சொல்லிவிட்டாரே.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நிம்மதியோடுதான் வந்தேன். எட்டயபுரம் தாண்டியதும் வாந்தி எடுத்தேன். பஸ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கிளினிக் சுவரில் இருந்த பன்னிரண்டு வருஷ வரைபடத்தைக் காணவில்லை. கேட்டால், வெள்ளையடிக்கப் போகிறாராம். அடைமழைக் காலத்தில் எவனாவது வெள்ளையடிப்பானா? டாக்டருக்கு எப்போதும் இப்படித்தான், ஒரு வேலை தோன்றிவிட்டால் நேரம் காலம் கிடையாது.

இப்போதெல்லாம் அவர் மேலே வருவதே இல்லை. அறிக்கைக்குச் சாட்சியை வைத்துப் போட்ட கணக்கே போதும்தானே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். போதும் சார் என்றேன். எனக்கு அவரை நினைத்துத்தான் பயம். உண்மையைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். குழந்தை இல்லாத வீடு. கல்யாணம், காதுகுத்து என்று ஒன்றுக்கும் போகாமல் பன்னிரண்டு வருஷம் இந்த மொட்டைமாடியில் நின்றிருக்கிறார். அவர் மனைவி, அந்த அக்காவும் ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. அவருக்காகத்தான் நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

இந்த வரியைத் திரும்பப் படித்தேன். அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நவம்பர் 15, சனி

வானம் சுத்தம். இந்தப் பருவத்தில் இப்படி ஒரு மாலை கிடைப்பது அபூர்வம். கேமராவைச் சற்றே நகர்த்தி நான்காவதாக ஒன்றையும் படத்துக்குள் கொண்டுவந்தேன்.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுக்கொன்று மாறவில்லை. அவற்றோடு ஒப்பிட்டால் நோயாளியும் மாறவில்லை. சாட்சி மட்டும் அக்டோபரிலிருந்து பிரகாசமாகிக்கொண்டே வந்திருக்கிறான். அவன் கூடக் கூட, பக்கத்தில் சும்மா இருந்தவன் மங்குவதுபோலத் தெரிந்திருக்கிறது. எழுதியே விடுகிறேன். நோயாளிக்கு நோய் இல்லை. சாட்சிதான் மாறுகிறான்.

கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே தெருவில் யாரோ பரோட்டா கொத்துகிற சத்தம். யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. கேமரா வாங்கித் தராமலாவது இருந்திருக்கலாம் அந்த அறக்கட்டளை. பழைய கேமராவோடு விட்டிருந்தால் எங்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காதே.

அம்மா போன் செய்தாள். மழை வரும் போலிருக்கிறது, குடை கொண்டுபோகவில்லையே என்றாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவளுக்கு என்னைக் கூப்பிட வேறு சாக்கு கிடைக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. காலையில் எழுந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் டாக்டரின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். இத்தனை நாளாய் மறைத்ததற்கு ஒரு பாட்டம் திட்டினார். மரத்துப்போக ஊசி போட்டார். கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டில் மாட்டி, விளக்கை முகத்துக்கு நேரே திருப்பினார். வேலை தொடங்கியது.

பாதியில் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். வாயத் தொறந்தபடியே இரு. நான் சொல்லுதேன்."

அவருக்கு அக்டோபரிலேயே தெரியும். முதல் நாள் கை தட்டிவிட்டுப் போய், படத்தைக் கீழே கிளினிக்கில் மறுபடி பார்த்தபோதே மூன்றாவது நட்சத்திரத்தை வைத்து அவரும் கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் சந்தேகமே இல்லை. அன்றைக்குத்தான் போனை வைக்காமல் இருந்தார்.

"பன்னெண்டு வருசம் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்ல எனக்கு வெக்கம் கிடையாது தாயி. பல்லத் தப்பாப் புடுங்குனாத்தான் வெக்கம். ஆனா நான் சொன்னா ஒனக்கு ரெனியூவல் போயிரும். ஒங்க வீட்டு நெலம எனக்குத் தெரியும். அதான் வாயப் பொத்திக்கிட்டேன். பழைய கணக்கையே அனுப்பு. சாட்சிய எடுத்தது நான். நாளைக்கு எவனாவது கேட்டா, தப்பு என்னதுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

நான் அவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக மூடிக்கொண்டிருந்தார். இப்போது என் வாய் ஆவென்று திறந்து கிடக்கிறது, ஒரு சொல் வெளியே வரவில்லை. கண்ணில் தண்ணீர் காதுக்குள் ஓடியது. மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார். மத்தியானம் வரை நாக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இரண்டு அறிக்கை தயாராக இருக்கிறது. ஒன்றில் நோயாளி மங்குகிறான், எல்லாம் எதிர்பார்த்தபடி, நீட்டிப்பு வேண்டும். இன்னொன்றில் நோயாளிக்கு ஒன்றுமில்லை.

முதல் அறிக்கை படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இரண்டு வருஷம் படிப்பு. வழிகாட்டியின் சம்மதம் உண்டு. கூட்டாளியின் சம்மதம் உண்டு, பழியைக்கூட அவரே தலையில் போட்டுக்கொள்கிறார். இனி என்னைத் தடுக்க யாருமில்லை.

ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நினைத்துப் பார்த்தேன். தினமும் பொழுது அடையும்போது படி ஏறுவேன். சுகமாக இருக்கிறவனுக்கு நோய் எழுதுவேன். கீழே டாக்டர், எல்லாம் தெரிந்தும், "எப்படியிருக்கான் நோயாளி" என்று கேட்பார். மங்கிட்டான் சார் என்பேன். அவரும் தலையாட்டுவார். பொய் என்று இருவருக்கும் தெரியும், தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். இரண்டு வருஷம் அந்த மனிதரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதற்கு மின்வாரியமே மேல். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து அலுத்துப்போகலாம், நடிக்க வேண்டியதில்லை.

நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. எனக்கு நடிக்க வராது, அவ்வளவுதான்.

நவம்பர் 19, புதன்

இரண்டாவதை அனுப்பிவிட்டேன். பேராசிரியரிடம் போனில் சொன்னேன். ஆகட்டும் என்றார், ஒரு பெருமூச்சோடு. டாக்டரிடம் சொன்னபோது அவர் கையில் இருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, "கிறுக்குப் பிள்ள" என்றார். வைததா, கொஞ்சியதா, தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதினேன். நோயாளி மாறாதவன் என்றால், பன்னிரண்டு வருஷ அளவீடும் வீண் இல்லை. திருப்பிப் போட்டால் அது அப்படியே சாட்சியின் சரித்திரம். அவனை இதுவரை வேறு யாரும் தொடர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே ஆய்வுப்பொருளை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்.

மழை வெளுத்து வாங்குகிறது. ஊரே சந்தோஷமாக இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. அகலுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. நேர்மையான அறிக்கைக்குப் பாராட்டு. நட்சத்திரம் மாறாதது என்று நீங்களே நிறுவிவிட்டதால், அனுமதிக்கப்பட்ட ஆய்வு இத்துடன் நிறைவடைகிறது. புதிய பொருளுக்கு அடுத்த சுற்றில் புதிதாக விண்ணப்பிக்கலாம். மாணவர் பிரிவில் விண்ணப்பிப்பவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். கேமராவை அமெச்சூரே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சுற்று சித்திரைக்குப் பிறகு. அப்போது நான் முழுநேரமாக வேறெதுவோ.

வாசலில் வரிசையாக விளக்கு வைத்தேன். ஒன்றுகூட அணையவில்லை. காற்றே இல்லை.

டிசம்பர் 6, சனி

அம்மா எனக்கு இரண்டு சுடிதார் துணி எடுத்து வந்திருக்கிறாள், ஆபீசுக்கு. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் சந்தோசப்படலட்டி. நிம்மதியா இருக்கு, அது வேற" என்றாள். அவள் சொன்னது நிஜம். அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை. நீலத் துணி அழகாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

பல்லுக்குக் கேப் போட டாக்டர் நாற்காலியில் சாய்த்தார். கேப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே, இது ஒன்றும் முடிவில்லை என்றார். "மாணவர் கட்டம் போனா என்ன? வேல பாத்துக்கிட்டே வானம் பாக்கறவனுக்குத்தான் இன்னொரு கட்டம் இருக்கே. இனிமே நீயும் என்ன மாதிரி அமெச்சூர்தான்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதீர்கள் என்று கத்தினேன். உங்களுக்கு அது ஆசை சார், எனக்கு அது தண்டனை என்றேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கேப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நான் பாதிப் பல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 10, புதன்

போய் மன்னிப்புக் கேட்டேன். கேப் மாட்டிவிட்டார். நட்சத்திரப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

சேர்ந்தாயிற்று.

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பொன்னுப்பாண்டி அண்ணன் மகளா என்று கேட்டார்கள். ஒருவர் டீ வாங்கித் தந்தார். ஒருவர் அப்பாவின் பழைய டெஸ்டரை மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்தால் ஓடிப்போக ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

கழுத்தில் அடையாள அட்டை. என் ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு மேலே வானம், ஒரு கைக்குட்டை அகலத்துக்கு.

டிசம்பர் 17, புதன்

முதல் உருப்படியான வேலை. இந்த மாதப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பை டைப் செய்தேன். விளாத்திகுளமும் சுற்று வட்டாரமும். ஊரில் ஒரு தெருவிளக்கு எரியாத இருட்டில் வானம் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசி வரி: காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை.

சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜை அக்கா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 19, வெள்ளி

மழை நின்றுவிட்டது. ஆபீஸ் விட்டு வெளியே வந்தபோது, மேற்கே கடைசி வெளிச்சம், தலைக்கு மேலே மேகமே இல்லை. வீட்டுக்குப் போகும் பாதையில்தான் நடந்தேன். கால் கிளினிக் வாசலில் நின்றது.

சுவரில் பழைய இடத்தில் வரைபடம் மறுபடி தொங்கிக்கொண்டிருந்தது. தலைகீழாக. முதலில் டாக்டர் கவனக்குறைவாக மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். வெறுமனே தலைகீழாக்கினால் வருஷங்களும் பின்னோக்கி ஓடும். அவர் தாளையே திருப்பி, முதுகுப் பக்கம் வெளியே தெரிய, மேலிருந்தது கீழாக மாட்டியிருக்கிறார். எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது. ஆனால் வருஷங்கள் இடமிருந்து வலமாகச் சரியாக ஓடுகின்றன. பள்ளமெல்லாம் மேடாகிவிட்டது, மேடெல்லாம் பள்ளம். பன்னிரண்டு வருஷச் சாட்சி, முதல்முறையாக நேராக.

அடியில் புதிதாக ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. பார்த்தவர்கள் என்று அவர் கையெழுத்தில் இரண்டு பெயர். என் பெயர் முதலில்.

நான் நின்றபடியே அழுதேன். பல்வலிக்காரர்கள் அழுவது அங்கே சகஜம், யாரும் கண்டுகொள்ளவில்லை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார்.

"கரண்ட் ஆபீஸா தாயி? மீட்டர் பாக்க வந்தீகளா?"

"இல்ல, தாத்தா. மாடியில ஒரு வேல இருக்கு."

"என்ன வேல?"

சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் இதே இடத்தில் நான் கத்திய வார்த்தை. இன்றைக்கும் அது வாயில் வரவில்லை. அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அப்பாவின் டெஸ்டர் அடியில் கிடந்ததைத் தள்ளிக் கொட்டகைச் சாவியைத் துழாவி எடுத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இத்தனை நாளாய் நினைத்துக்கொண்டிருந்த சாவி.

மேலே போய்த் தகரக் கூரையைத் தள்ளினேன். சாட்சி இன்னும் கூடியிருக்கிறான். குறித்துக்கொண்டேன்.